அமெரிக்கா போய்வரும் ட்ரக் சாரதிகளுக்கான போதைப்பொருள், மதுப் பரிசோதனை: படிப்படியான முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவின் புறநகரில் உள்ள ஒரு சிறிய ட்ரக் நிறுவனத்தில், சாரதிகளின் பாதுகாப்பு ஆவணங்களைப் பார்க்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். எங்கள் சாரதிகளில் பெரும்பாலானோர் தமிழர்கள். கிழமைக்கு இரண்டு தடவையாவது வின்சரில் அம்பாசடர் பாலத்தையோ, ஃபோர்ட் ஈரியில் பீஸ் பாலத்தையோ கடந்து அமெரிக்காவுக்குள் செல்பவர்கள். போதைப்பொருள் பாவித்து வேலையை இழந்தவர்களை விட, பரிசோதனை எப்படி நடக்கிறது என்று தெரியாமல் வேலையை இழந்தவர்களையே இந்த ஆண்டுகளில் நான் அதிகம் கண்டிருக்கிறேன். அந்த இழப்பு தடுக்கக்கூடியது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். சாரதிக்கும், ஒன்றிரண்டு வண்டிகளுடன் சொந்தமாகத் தொழில் நடத்துபவருக்கும் இது சமமாக உதவ வேண்டும் என்பது என் விருப்பம்.

சாரதிகள் இதை வழக்கமாக ‘டி.ஓ.டி. டெஸ்ட்’ என்பார்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதி என்பதே அதன் பொருள். 1987 ஜனவரியில் மேரிலாண்ட் மாநிலத்தின் சேஸ் என்னும் இடத்தில், சிவப்பு விளக்கைத் தாண்டி வந்த சரக்கு ரயில் இயந்திரங்களுடன் ஒரு பயணிகள் ரயில் மோதி 16 பேர் இறந்தனர். சரக்கு இயந்திரத்தை ஓட்டியவர் கஞ்சா பாவித்திருந்தார். 1991 ஓகஸ்டில் நியூயோர்க் சுரங்க ரயில் ஒன்று மதுபோதையில் இருந்தவரால் தடம்புரண்டு 5 பேர் இறந்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸின் சட்டம் நிறைவேறி, ரயிலுடன் ட்ரக், பஸ், விமானம் எல்லாவற்றுக்கும் கட்டாயப் பரிசோதனை வந்தது. பரிசோதனையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதைக் கூட்டாட்சி விதித்தொகுப்பு 49இன் பகுதி 40 சொல்கிறது. ட்ரக், பஸ் சாரதிகளை எப்போது பரிசோதிக்க வேண்டும் என்பதைப் பகுதி 382 சொல்கிறது. 1990களின் இரண்டாம் பாதியிலிருந்து, அமெரிக்காவுக்குள் ஓட்டும் கனேடிய, மெக்சிக்கோச் சாரதிகளுக்கும் இது பொருந்துகிறது.

படி 1: இந்த விதி உங்களுக்கு உரியதா என்று பாருங்கள்

வண்டியின் மொத்த எடை மதிப்பு 26,001 இறாத்தலுக்கு, அதாவது சுமார் 11,794 கிலோகிராமுக்குக் குறையாமல் இருந்தாலோ, சாரதி உட்பட 16 பேர் அல்லது அதற்கு மேல் ஏறக்கூடிய பஸ்ஸாக இருந்தாலோ, அறிவிப்புப் பலகை தேவைப்படும் அபாயகரமான பொருளை ஏற்றினாலோ இந்த விதி பொருந்தும். ஒன்ராறியோவில் பெரிய ட்ரெயிலர் ட்ரக் ஓட்டுவதற்கான ஏ.இசட். அனுமதிப்பத்திரத்துடன் 53 அடி ட்ரெயிலர் இழுக்கும் எவரும், வருடத்தில் ஒரே ஒரு தடவை எல்லை தாண்டினாலும், இதற்குள் வந்துவிடுவார். பகுதிநேரமாக ஓட்டுபவரும், அவசரத்துக்கு ஸ்டியரிங் பிடிக்கும் முதலாளியும் விலக்கல்ல.

கனடாவுக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு இந்த அமெரிக்க விதி இல்லை. ஆனாலும் ஒன்ராறியோவில் 2018 ஜூலை முதல், வணிக வாகனம் ஓட்டுபவரின் உடலில் மதுவோ கஞ்சாவோ துளியும் இருக்கக்கூடாது என்ற மாகாணச் சட்டம் நடைமுறையில் உள்ளது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

படி 2: முதல் லோட் ஏற்றுவதற்கு முன் நிறுவனம் செய்ய வேண்டியவை

நிறுவனத்திடம் எழுத்தில் ஒரு கொள்கை இருக்க வேண்டும். அதன் பிரதியைப் பெற்றுக்கொண்டதாக ஒவ்வொரு சாரதியும் கையொப்பமிட வேண்டும். பரிசோதனை முடிவுகளைப் பெறவும் சாரதியை உடனடியாக வேலையிலிருந்து நிறுத்தவும் அதிகாரம் பெற்ற ஒருவர் நிறுவனத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். டி.ஈ.ஆர். என்று அழைக்கப்படும் இந்தப் பொறுப்பைத்தான் நான் வகிக்கிறேன். வெளி முகவர் ஒருவரிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைக்க முடியாது.

சிறிய நிறுவனங்கள் பெரும்பாலும் ‘கொன்சோர்ட்டியம்’ என்னும் கூட்டுத் திட்டம் ஒன்றில் சேர்கின்றன. ஒரே ஒரு வண்டியைத் தானே ஓட்டும் உரிமையாளருக்கு அது கட்டாயம். ‘ரான்டம்’ பரிசோதனைக்கு, அதாவது குலுக்கல் முறையில் ஆளைத் தெரிந்து செய்யும் பரிசோதனைக்கு, தன் பெயர் ஒன்றை மட்டும் போட்டுத் தானே குலுக்கிக்கொள்வதை விதி ஏற்பதில்லை.

சாரதிகளை மேற்பார்வை செய்பவர்கள், மதுவின் அறிகுறிகள் பற்றி 60 நிமிடங்களும் போதைப்பொருட்களின் அறிகுறிகள் பற்றி 60 நிமிடங்களும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அதற்கான சான்றிதழைக் கோப்பில் வைத்திருங்கள். தணிக்கைக்கு வருபவர்கள் முதலில் கேட்கும் தாள்களில் அதுவும் ஒன்று.

அடுத்தது கிளியரிங்ஹவுஸ். 2020 ஜனவரி 6ஆம் திகதி முதல் இயங்கும் இந்த இணையத் தரவுத்தளத்தில், விதியை மீறிய சாரதிகளின் விவரங்கள் பதிவாகின்றன. நிறுவனம் அதில் கணக்குத் திறந்து, கூட்டுத் திட்ட முகவரைக் குறித்து, தேடல்களுக்கான கட்டணத்தை முன்கூட்டியே செலுத்த வேண்டும். சாரதியும் தன் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கொண்டு தனிக் கணக்குத் திறக்க வேண்டும். கனேடிய அனுமதிப்பத்திரத்தை அந்தத் தளம் ஏற்றுக்கொள்கிறது.

படி 3: வேலைக்குச் சேரும்போது

புதிய சாரதி ஒருவரை அமெரிக்காவுக்கு அனுப்புவதற்கு முன் இரண்டு வேலைகள் முடிந்திருக்க வேண்டும். ஒன்று, கிளியரிங்ஹவுஸில் முழுத் தேடல். இதற்குச் சாரதி தன் கணக்கினுள் நுழைந்து சம்மதம் கொடுக்க வேண்டும். தாளில் போட்ட கையொப்பம் போதாது. மற்றது, சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லை என்ற முடிவு கையில் கிடைத்திருக்க வேண்டும். ‘மாதிரி கொடுத்துவிட்டார், முடிவு நாளைக்கு வரும், இன்றைக்கு ஒரு லோட் போய் வரட்டும்’ என்று அனுப்புவது நேரடியான மீறல். நெருக்கடியான வெள்ளிக்கிழமைகளில் முதலாளிமார் இதற்குத்தான் என்னிடம் வாதாடுவார்கள். அந்த வாதத்துக்கு நான் ஒருபோதும் இணங்கியதில்லை.

பழைய நிறுவனத்தில் இதே விதிப்படி பரிசோதிக்கப்பட்டு வந்தவருக்கு ஒரு விலக்கு இருக்கிறது. கடந்த 30 நாட்களுக்குள் அவர் அத்தகைய திட்டம் ஒன்றில் இருந்திருக்க வேண்டும். அத்துடன் கடந்த 6 மாதங்களுக்குள் பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது கடந்த 12 மாதங்களும் ரான்டம் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். இதை நிரூபிக்கும் கடிதங்களைத் தேடி அலைவதை விடப் புதிய பரிசோதனை ஒன்றைச் செய்வது சுலபம் என்பதே என் அனுபவம்.

வேலையில் இருக்கும் ஒவ்வொரு சாரதிக்கும் வருடத்துக்கு ஒரு தடவையாவது கிளியரிங்ஹவுஸில் ‘லிமிட்டட்’ தேடல் செய்ய வேண்டும். இதற்குத் தாளில் பெற்ற சம்மதம் போதுமானது. அதில் ஏதாவது பதிவு இருப்பதாகத் தெரிந்தால், 24 மணித்தியாலங்களுக்குள் முழுத் தேடல் செய்ய வேண்டும். செய்ய முடியாவிட்டால் அவரை வண்டியிலிருந்து இறக்க வேண்டும்.

படி 4: எதைத் தேடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிறுநீரில் ஐந்து வகைப் பொருட்களைத் தேடுகிறார்கள்: கஞ்சா, கொக்கெயின், அம்பெட்டமைன் வகை, அபினிலிருந்து வரும் மற்றும் அதையொத்த ஒப்பியொயிட் வகை, பி.சி.பி. என்னும் மாயத்தோற்றம் தரும் போதைப்பொருள். ஒக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் முதலிய வலிநிவாரணிகள் 2018 ஜனவரியில் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை அளவு உண்டு. கஞ்சாவுக்கு முதற்சோதனையில் ஒரு மில்லிலீற்றருக்கு 50 நானோகிராம், உறுதிச் சோதனையில் 15 நானோகிராம்.

கஞ்சாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் அது சட்டபூர்வமானது. அமெரிக்காவிலும் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. இந்த விதி அவற்றில் எதையும் பொருட்படுத்துவதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த கஞ்சாவாக இருந்தாலும் முடிவு ‘பொசிட்டிவ்’ என்றே பதிவாகும். போதை சில மணித்தியாலங்களில் இறங்கிவிட்டாலும், அதன் கழிவுப்பொருள் உடற்கொழுப்பில் தங்கியிருந்து, வழக்கமாகப் பாவிப்பவரின் சிறுநீரில் கிழமைக் கணக்கில் தெரியும். ‘நான் சனிக்கிழமை வீட்டில்தான் எடுத்தேன், செவ்வாய்தான் ஓடினேன்’ என்ற விளக்கத்துக்கு இங்கே இடமில்லை. கஞ்சாச் செடியிலிருந்து எடுத்து, வலிக்குப் பூசும், நாவில் விடும் சி.பி.டி. எண்ணெய்களும் அப்படித்தான். போத்தலில் என்ன எழுதியிருந்தாலும், உள்ளே இருக்கும் அளவுக்கு உத்தரவாதம் இல்லை. ‘சி.பி.டி. தான் பாவித்தேன்’ என்பதை மருத்துவக் காரணமாக ஏற்க விதி இடம் தருவதில்லை.

எங்கள் சமையலறைக்கும் மருந்துப் பெட்டிக்கும் உரிய மூன்று விடயங்கள் உள்ளன. பொதுவான வழிகாட்டிகளில் இவற்றைப் பார்க்க முடியாது.

முதலாவது கசகசா. குருமாவுக்கு அரைத்துச் சேர்க்கும் கசகசா, அபின் செடியின் விதைதான். அதைக் கணிசமாகச் சாப்பிட்டால் சிறுநீரில் மோர்ஃபின் தெரியலாம். இதனால் வீணாக மாட்டுப்பட்டவர்கள் இருந்தபடியால்தான் 1998 இறுதியில் எல்லை அளவை 300 நானோகிராமிலிருந்து 2,000 ஆக உயர்த்தினார்கள். அதையும் தாண்டி வந்து, அளவு 15,000க்குக் குறைவாக இருந்தால், முறைகேடான பாவனைக்கு வேறு மருத்துவச் சான்று இருக்கிறதா என்று, ஆய்வக முடிவைச் சரிபார்க்கும் மீளாய்வு மருத்துவர் பார்க்க வேண்டும். இல்லையெனில் ‘நெகட்டிவ்’ என்றே அறிவிக்க வேண்டும். 15,000ஐத் தொட்டுவிட்டால் உணவைக் காரணமாகச் சொல்ல முடியாது. சமையல் அளவில் அந்த உயரத்துக்குப் போவது அரிது என்றாலும், எங்கள் சாரதிகளின் வீடுகளில் குருமாவுக்கு முந்திரியையோ தேங்காயையோ அரைக்கச் சொல்வதுண்டு.

இரண்டாவது அரிஷ்டம். தசமூலாரிஷ்டம் போன்றவை புளிக்கவைத்துச் செய்யப்படுவதால் இயல்பாகவே அவற்றில் மது உண்டு. விதியில் ‘மதுப் பாவனை’ என்பதற்குத் தரப்பட்டுள்ள வரைவிலக்கணம், மது கலந்த மருந்தை விழுங்குவதையும் உள்ளடக்குகிறது. ஆகவே வண்டியில் ஏறுவதற்கு முந்திய 4 மணித்தியாலங்களில் சாராயத்துக்கு உள்ள தடை அரிஷ்டத்துக்கும் உண்டு. வண்டியில் அந்தப் போத்தலை வைத்துக்கொண்டு வழியில் குடிப்பது இன்னும் மோசம்.

மூன்றாவது கொடெயின் என்னும் ஒப்பியொயிட் வகை மருந்து. ஊரிலிருந்து கொண்டுவரும் சில இருமல் பாணிகளிலும், கனடாவின் சில மாகாணங்களில் சீட்டின்றியே மருந்தகத்தில் கிடைக்கும் சில வலி மாத்திரைகளிலும் கொடெயின் இருக்கும். வேறொரு நாட்டில் சட்டப்படி பெற்ற மருந்தை, உரிய மருத்துவத் தேவைக்குச் சரியான அளவில் எடுத்திருந்தால், அதை ஏற்கும் தற்றுணிபு மீளாய்வு மருத்துவருக்கு உண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். ஆகவே பற்றுச்சீட்டு, மருந்துச் சீட்டு, பெயர் ஒட்டிய போத்தல் எதையும் எறியாதீர்கள். அதைவிட நல்லது, உங்கள் வேலையை அறிந்த குடும்ப வைத்தியரிடம் ‘நான் பெரிய ட்ரக் ஓட்டுகிறேன், இந்த மருந்து அதற்குத் தடையாகுமா’ என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிவைப்பது.

படி 5: ரான்டம் அழைப்பு வந்தால்

2020 முதல், சராசரிச் சாரதி எண்ணிக்கையில் 50 சதவீதத்துக்குப் போதைப்பொருளுக்கும் 10 சதவீதத்துக்கு மதுவுக்கும் ஆண்டுதோறும் ரான்டம் பரிசோதனை நடத்த வேண்டும். எட்டுச் சாரதிகள் உள்ள நிறுவனம் தனிப் பட்டியல் வைத்திருந்தால் வருடத்துக்கு நான்கு சிறுநீர்ப் பரிசோதனையும் ஒரு மூச்சுப் பரிசோதனையும் வரும். கூட்டுத் திட்டத்தில் இருந்தால், முழுப் பட்டியலுக்கும் சேர்த்தே கணக்கு. அதனால் ஒரு வருடம் உங்களில் எவருக்கும் வராமலும், அடுத்த வருடம் ஒருவருக்கே இரண்டு தடவை வரவும் கூடும். ஒவ்வொரு தெரிவின்போதும் எல்லாப் பெயர்களும் மீண்டும் பெட்டிக்குள் போகின்றன. ‘என்னைக் குறிவைக்கிறார்கள்’ என்று மனம் நோக வேண்டியதில்லை.

பெயர் வந்ததும் சாரதிக்கு முன்கூட்டியே சொல்லக்கூடாது. அவர் உடனே போகக்கூடிய நேரத்தில் மட்டும் சொல்ல வேண்டும். சொன்னதும் அவர் நேராகப் பரிசோதனை நிலையத்துக்குப் போக வேண்டும். ஓடிக்கொண்டிருந்தால், பாதுகாப்பாக வண்டியை நிறுத்திவிட்டுப் போவதே ‘உடனே’ என்பதன் பொருள். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவது அதற்குள் அடங்காது. நான் அழைத்த நேரத்தையும், சாரதி நிலையத்தில் பதிவான நேரத்தையும் ஒரே தாளில் எழுதி வைக்கிறேன். பிறகு கேள்வி எழுந்தால் அந்த இரண்டு நேரங்களே சாட்சி.

படி 6: சேகரிப்பு நிலையத்துக்குள்

புகைப்பட அடையாள அட்டையைக் கொண்டு செல்லுங்கள். தொப்பி, ஜாக்கெட், பை ஆகியவற்றை வெளியே வைக்கச் சொல்வார்கள்; பணப்பையை நீங்களே வைத்திருக்கலாம். சட்டைப் பைகளைக் காட்டி, கைகளைக் கழுவ வேண்டும். கழிப்பறைத் தொட்டியில் நீர் நீலமாக இருக்கும். அந்த நீரை எவரும் மாதிரியில் கலக்காமல் இருக்கவே அந்தச் சாயம். உறை பிரிக்காத கோப்பையை உங்கள் கண்முன்னே திறக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு, குறைந்தது 45 மில்லிலீற்றர் கொடுங்கள்.

கோப்பையைக் கொடுத்த 4 நிமிடங்களுக்குள் சேகரிப்பவர் வெப்பநிலையைப் பார்ப்பார். அது 32 முதல் 38 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வெளியே இருந்தால், அல்லது மாதிரியில் ஏதோ கலந்ததாகத் தோன்றினால், உங்கள் பாலினத்தைச் சேர்ந்த ஒருவர் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருக்க, உடனே இரண்டாவது மாதிரி கொடுக்க வேண்டும். பிறகு 30 மில்லிலீற்றரை ஒரு போத்தலிலும் 15 மில்லிலீற்றரை இன்னொன்றிலும் ஊற்றி, உங்கள் முன்னிலையில் முத்திரை ஒட்டுவார். போத்தல் முத்திரையில் உள்ள இலக்கமும் படிவத்தின் இலக்கமும் ஒன்றா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். ஒட்டிய பிறகுதான் அதில் உங்கள் முதலெழுத்துக்களை இடுங்கள். போத்தல்கள் முத்திரையிடப்படும் வரை அவற்றிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

படிவத்தில் கையொப்பமிடும் இடத்தில் தொலைபேசி இலக்கம் கேட்கிறார்கள். மீளாய்வு மருத்துவர் உங்களை அழைக்கப்போவது அந்த இலக்கத்தில்தான். அமெரிக்காவுக்குள் போனால் வேலை செய்யாத சிம் கார்ட் இலக்கத்தையோ, மாற்றிவிட்ட பழைய இலக்கத்தையோ எழுதாதீர்கள். எடுக்கும் மருந்துகளைச் சேகரிப்பவரிடம் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தரும் பிரதியின் பின்புறத்தில், ஞாபகத்துக்காக நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சிறுநீர் போதியளவு வராவிட்டால் பதற வேண்டாம். 3 மணித்தியாலங்கள் வரை அங்கேயே இருக்கலாம். அந்த நேரத்தில் சுமார் 1.2 லீற்றர் வரை நீர் அருந்தத் தருவார்கள். குடிக்க விரும்பாவிட்டால் அது குற்றமல்ல. 3 மணித்தியாலம் கடந்தும் முடியாவிட்டால், அதற்கு மருத்துவக் காரணம் உண்டா என்று 5 நாட்களுக்குள் ஒரு வைத்தியர் பரிசோதிப்பார். ஆனால் முடியும் முன் அந்த இடத்தை விட்டுப் போகவே கூடாது.

இந்த வரியை எழுதும்போது எனக்கு ஒருவர் நினைவுக்கு வருகிறார். மது, புகை எதுவும் இல்லாதவர். ரான்டம் அழைப்பில் போய், கோப்பையில் பாதிக்கும் குறைவாகவே கொடுக்க முடிந்தது. நீர் குடித்துக் காத்திருந்தார். பிற்பகல் மூன்று மணி நெருங்கியதும், மகளைப் பாடசாலையிலிருந்து ஏற்ற வேண்டும் என்று சேகரிப்பவரிடம் சொல்லிவிட்டு வெளியே போய், முக்கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். அதற்குள் படிவத்தில் ‘பரிசோதனை முடியும் முன் வெளியேறினார்’ என்று எழுதியாகிவிட்டது. விதிப்படி அது மறுப்பு. மறுப்பு என்றால் பொசிட்டிவுக்குச் சமம். எவ்வளவு யோசித்தும் அதை வேறுவிதமாக எழுத எனக்கு வழியிருக்கவில்லை. எனக்கு ஒரு அழைப்பு எடுத்திருந்தால், பிள்ளையை ஏற்ற நானே ஓர் ஆளை அனுப்பியிருப்பேன். அன்றிலிருந்து, சாரதிகளைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது, ‘இன்னும் நான்கு மணித்தியாலத்துக்கு வீட்டில் உங்களால் ஆக வேண்டிய வேலை ஏதும் இருக்கிறதா’ என்று கேட்காமல் அனுப்புவதில்லை.

நிலையத்துக்கு நியாயமான நேரத்தில் போகாதது, மாதிரி கொடுக்க மாட்டேன் என்பது, மாற்று மாதிரி கொடுப்பது, பைகளைக் காட்ட மறுப்பது, நேரடிக் கண்காணிப்புக்கு இணங்காதது ஆகிய அனைத்தும் மறுப்பே. அதிக நீர் குடித்துச் சிறுநீர் நீர்த்துப்போனால் அது மறுப்பாகாது. ஆனால் நீர்ப்பு மிகக் கடுமையாக இருந்தால், கண்காணிப்பின் கீழ் மறுபடி கொடுக்க வேண்டி வரும். ஆகவே போகும் வழியில் போத்தல் போத்தலாகக் குடிக்காதீர்கள்.

2023ஆம் ஆண்டு விதித் திருத்தம் சிறுநீருக்கு மாற்றாக உமிழ்நீர் மாதிரியையும் அனுமதித்தது. ஆனால் குறைந்தது இரண்டு ஆய்வகங்கள் அமெரிக்கச் சுகாதாரத் திணைக்களத்தின் சான்று பெற்ற பின்பே அதைப் பயன்படுத்தலாம் என்று அது நிபந்தனையிட்டது. எந்த மாதிரி என்பதை நிறுவனமே தீர்மானிக்கும், சாரதி அல்ல.

படி 7: மூச்சுப் பரிசோதனை

மதுவுக்கான ரான்டம் பரிசோதனையை, ஓடுவதற்குச் சற்று முன்னரோ, ஓடும்போதோ, ஓடி முடித்த உடனேயோ மட்டும்தான் நடத்தலாம். விடுமுறை நாளில் வீட்டிலிருப்பவரை மதுவுக்காக அழைக்க முடியாது. முதல் ஊதலில் மதுச் செறிவு 0.02க்குக் கீழே இருந்தால் முடிந்தது. 0.02 அல்லது அதற்கு மேல் இருந்தால், வாயில் தங்கிய மதுவின் தாக்கம் நீங்குவதற்காகக் குறைந்தது 15 நிமிடம் காத்திருக்க வைத்து, 30 நிமிடத்துக்குள் உறுதிச் சோதனை செய்வார்கள். அந்த இடைவேளையில் எதையும் உண்ணவோ, குடிக்கவோ, வாயில் போடவோ வேண்டாம். சுவிங்கம் கூட வேண்டாம்.

உறுதிச் சோதனையில் 0.02 முதல் 0.039 வரை வந்தால், அது விதிமீறலாகப் பதிவாகாது. ஆனால் 24 மணித்தியாலங்களுக்கு ஓட்ட முடியாது. 0.04 அல்லது அதற்கு மேல் வந்தால் அது மீறல். சாதாரண கார் ஓட்டுநருக்குக் கனடாவின் குற்றவியல் எல்லை 0.08 என்பதை நினைத்தால், இது அதில் சரிபாதி. இரவு வெகுநேரம் குடித்தவர் அதிகாலையில் தெளிவாக இருப்பதாக உணர்ந்தாலும் கருவி வேறு கதை சொல்லக்கூடும். 4 மணித்தியாலத் தடை என்பது மிகக் குறைந்த எல்லைதான். அதைக் கடந்துவிட்டால் தப்பிவிடலாம் என்று நம்பாதீர்கள்.

படி 8: விபத்து நடந்தால்

எல்லா விபத்துக்கும் பரிசோதனை இல்லை. யாராவது இறந்தால், தவறு யாருடையதாக இருந்தாலும், கட்டாயம். யாராவது காயமடைந்து, சிகிச்சைக்காக விபத்து நடந்த இடத்திலிருந்து உடனடியாகக் கொண்டுசெல்லப்பட்டால், அல்லது ஏதாவது ஒரு வாகனம் இழுத்துச் செல்ல வேண்டிய அளவுக்குச் சேதமடைந்தால், உங்கள் சாரதிக்குப் பொலிஸ் போக்குவரத்துக் குற்றச்சீட்டுக் கொடுத்திருந்தால் மட்டும் பரிசோதனை தேவை.

மதுப் பரிசோதனையை 2 மணித்தியாலத்துக்குள் செய்ய வேண்டும். முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று எழுதி வைக்க வேண்டும். 8 மணித்தியாலம் கடந்தால் முயற்சியை நிறுத்தி, அதையும் எழுத வேண்டும். போதைப்பொருள் பரிசோதனைக்கு 32 மணித்தியாலம் வரை அவகாசம் உண்டு. பரிசோதிக்கப்படும் வரை, அல்லது 8 மணித்தியாலம் கழியும் வரை, சாரதி மது அருந்தக்கூடாது. அதிர்ச்சியை அடக்க மோட்டல் அறையில் எடுக்கும் ஒரு பியர் கூட வேலையைப் பறித்துவிடும். காயத்துக்குச் சிகிச்சை பெறுவதையோ உதவி தேடிப் போவதையோ விதி தடுப்பதில்லை. ஆனால் சாரதி தொடர்பில் இருக்க வேண்டும்.

பென்சில்வேனியா மலைப்பாதையில் இரவு இரண்டு மணிக்கு விபத்து நடந்தால், அந்த நேரத்தில் திறந்திருக்கும் பரிசோதனை நிலையத்தை யார் தேடுவது? அதனால்தான் விபத்துக்குப் பின் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சாரதிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. 24 மணித்தியாலமும் சேகரிப்பாளரை அனுப்பும் சேவையின் இலக்கத்தையும் என் கைபேசி இலக்கத்தையும் ஓர் அட்டையில் அச்சிட்டு, ஒவ்வொரு வண்டியின் சூரிய மறைப்பிலும் செருகி வைத்திருக்கிறோம்.

நியாயமான சந்தேகத்தின் பேரில் நடத்தும் பரிசோதனை இதிலிருந்து வேறுபட்டது. பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர், சாரதியின் தோற்றம், நடத்தை, பேச்சு, உடல் மணம் ஆகியவற்றில் தான் நேரடியாகக் கண்டதைக் கொண்டு மட்டுமே அதைக் கோரலாம். இன்னொரு சாரதி சொன்ன கோள் போதாது. கண்டதை 24 மணித்தியாலத்துக்குள், அல்லது முடிவு வருமுன், எது முந்தியதோ அதற்குள் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

படி 9: எம்.ஆர்.ஓ. அழைக்கும்போது

ஆய்வகம் பொசிட்டிவ் என்று கண்டால் அது நேரே நிறுவனத்துக்கு வராது. எம்.ஆர்.ஓ. எனப்படும் மீளாய்வு மருத்துவர் முதலில் சாரதியிடம் பேச வேண்டும். மருந்துச் சீட்டு இருந்தால், அவர் மருந்தகத்திலோ வைத்தியரிடமோ விசாரித்து உறுதிசெய்து, நெகட்டிவ் என்று அறிவிப்பார். அவர் முடிவைச் சொல்லும் வரை, வதந்தியின் பேரில் சாரதியை நிறுத்தி வைக்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை.

அவர் 24 மணித்தியாலத்துக்குள் குறைந்தது மூன்று தடவை அழைப்பார். பிடிக்க முடியாவிட்டால், காரணத்தைச் சொல்லாமல், என்னிடம் ‘இவரை என்னுடன் பேசச் சொல்லுங்கள்’ என்பார். நான் சாரதியிடம் சொன்ன நேரத்திலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் அவர் பேசாவிட்டால், விளக்கம் கேட்காமலே முடிவு பொசிட்டிவ் ஆகிவிடும். தெரியாத இலக்கம் என்று அழைப்பைத் துண்டிப்பவர்கள் இதை நன்றாக மனதில் வைத்திருங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால், மொழிபெயர்க்க ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள். அழைப்பைத் தவிர்ப்பது மட்டும் வழியல்ல.

முடிவு உறுதியானதாக எம்.ஆர்.ஓ. சொன்ன நேரத்திலிருந்து 72 மணித்தியாலத்துக்குள், அந்த 15 மில்லிலீற்றர் போத்தலை வேறோர் ஆய்வகத்தில் பரிசோதிக்கக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாய்மொழியாகக் கேட்டாலே போதும். பணம் கட்டினால்தான் அனுப்புவோம் என்று நிறுவனம் தடுக்க முடியாது. செலவைப் பிறகு உங்களிடம் கேட்கலாம். மறுபரிசோதனை நடக்கும் வரை நீங்கள் ஓட்ட முடியாது.

படி 10: மீறல் பதிவானால் திரும்பி வரும் வழி

மீறல் கிளியரிங்ஹவுஸில் ஏறியதும், அமெரிக்காவில் எந்த நிறுவனத்துக்காகவும் ஓட்ட முடியாது. 2024 நவம்பர் 18 முதல் அமெரிக்க மாநிலங்கள் இத்தகைய சாரதிகளின் வணிக அனுமதிப்பத்திரத் தகுதியையே நீக்க வேண்டியுள்ளது. வேலையை விட்டு வேறு நிறுவனத்துக்குப் போவதால் பதிவு அழியாது. அது குறைந்தது 5 ஆண்டுகள், அல்லது தொடர் பரிசோதனைகள் முடியும் வரை, எது பிந்தியதோ அதுவரை இருக்கும்.

திரும்பும் வழி, எஸ்.ஏ.பி. எனப்படும், போதை மற்றும் மதுப் பாவனையை மதிப்பிடத் தகுதிபெற்ற நிபுணர் ஊடாகவே செல்கிறது. நிறுவனம் வேலையிலிருந்து நீக்கினாலும், அத்தகைய நிபுணர்களின் பட்டியலைச் சாரதிக்குக் கொடுக்கக் கடமைப்பட்டது. நிபுணர் உங்களை மதிப்பிட்டு, கல்வியோ சிகிச்சையோ பரிந்துரைப்பார். அதை முடித்ததும் மறுபடி மதிப்பிடுவார். அதன்பின், நேரடிக் கண்காணிப்பில் நடக்கும் மீள்வரவுப் பரிசோதனையில் நெகட்டிவ் வர வேண்டும். வேலைக்குத் திரும்பிய முதல் 12 மாதங்களில், முன்னறிவிப்பின்றிக் குறைந்தது 6 தொடர் பரிசோதனைகள், அவையும் கண்காணிப்பில். தேவையென்று கண்டால் நிபுணர் இதை 60 மாதங்கள் வரை நீட்டலாம். அந்தத் திட்டத்தின் பிரதி சாரதிக்குக் காட்டப்படாது.

கனேடிய முதலாளிமார் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கனேடிய மனித உரிமைச் சட்டம் போதைக்கோ மதுவுக்கோ அடிமையாகியிருப்பதை ஓர் இயலாமையாகக் கருதுகிறது. ஆகவே அமெரிக்க விதிப்படி சாரதியை வண்டியிலிருந்து இறக்குவது கட்டாயம் என்றாலும், அதே மூச்சில் வேலையிலிருந்து தூக்கிவிடுவது வழக்கில் கொண்டுபோய் விடலாம். களஞ்சிய வேலையோ வேறு பொறுப்போ கொடுக்க முடியுமா என்று பார்த்து, ஒரு சட்டத்தரணியிடம் பேசிய பின்பே முடிவெடுங்கள். மேலே சொன்ன அந்தத் தகப்பன், எட்டு மாதங்கள் எங்கள் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டே இந்தப் படிகள் அனைத்தையும் முடித்தார். இப்போது மறுபடி டிட்ரொயிட் போய் வருகிறார்.

படி 11: கோப்புகள்

பொசிட்டிவ் முடிவுகள், மறுப்புகள், நிபுணரின் அறிக்கைகள் ஆகியவற்றை 5 ஆண்டுகளும், ரான்டம் தெரிவு மற்றும் சேகரிப்பு ஆவணங்களை 2 ஆண்டுகளும், நெகட்டிவ் முடிவுகளை ஓராண்டும் பூட்டிய அலுமாரியில் வைத்திருக்க வேண்டும். மேற்பார்வையாளரின் பயிற்சிச் சான்றிதழை, அவர் அந்தப் பொறுப்பில் இருக்கும் வரையும் அதன்பின் இரண்டு ஆண்டுகளும் வைத்திருங்கள். 0.04 அல்லது அதற்கு மேற்பட்ட மது முடிவையும் நிறுவனம் தீர்மானிக்கும் மறுப்புகளையும், தெரியவந்த பின் மூன்றாவது வேலை நாள் முடிவதற்குள் டி.ஈ.ஆர். கிளியரிங்ஹவுஸில் பதிய வேண்டும். போதைப்பொருள் பொசிட்டிவை எம்.ஆர்.ஓ. தானே பதிவார். சாரதியின் முடிவை அவரது எழுத்துச் சம்மதம் இல்லாமல், விதியில் சொன்னவர்களைத் தவிர வேறு எவருக்கும் காட்டக்கூடாது. அந்த எவருக்கும் என்பதில் மற்றச் சாரதிகளும், கேட்டு வரும் உறவினர்களும் அடக்கம்.